சூரியப் புயலும் வடதுருவ ஒளியும்: வேலூரிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் அடித்தபோது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "இன்றிரவு வானம் சிவக்கும், எல்லோரும் மொட்டை மாடிக்குப் போங்கள்" என்று. காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் இரவு இரண்டு மணி வரை நானும் என் மனைவியும் வடக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. வேலூர் 13 பாகை வடக்கில் இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடோ தென் தமிழ்நாட்டை ஒட்டியே போகிறது. வடதுருவ ஒளி என்பது சூரியனிலிருந்து வரும் துகள்களின் தாக்கத்தால் காந்தத் துருவத்தைச் சுற்றி வானில் ஒரு வளையமாக எரிவது. எவ்வளவு பெரிய புயல் என்றாலும் அந்த வளையம் நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று மாடியிலேயே முடிவு செய்தோம், அது தெரியும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்று. போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். ஆனால் நடுவில் ஒரு விசா மறுப்பு, இரண்டு முறை சென்னைக்கு வீண் அலைச்சல், திரும்பி வராத பணம் என்று பலதும் நடந்தது. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியவை. உங்களுக்கு அது நேராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. புயல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

புதிதாக ஆசைப்படும் எல்லோரும் முதலில் நினைப்பது இதுதான்: "சூரியப் புயல் எச்சரிக்கை வந்ததும் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடலாம்." நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியனில் வெடிப்பு நடந்து அந்தத் துகள் மேகம் பூமிக்கு வந்து சேரப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மிக வேகமானது என்றால் ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். நமக்கு விசா கையில் வரக் குறைந்தது பதினைந்து நாள். இரண்டும் ஒத்துவராது.

அதனால் புயலே தேவைப்படாத ஊரைத் தேர்ந்தெடுங்கள். நார்வேயில் டிராம்சோ அப்படிப்பட்ட ஊர். ஏறத்தாழ 69.6 பாகை வடக்கு. ஒளி வளையத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. சாதாரண நாளிலேயே, வானம் தெளிவாக இருந்தால் அங்கே தெரியும். நடுவில் புயலும் சேர்ந்துகொண்டால் அது நமக்குப் போனஸ். ஸ்வீடனில் அபிஸ்கோ, ஃபின்லாந்தில் ரோவானியெமிக்கு வடக்கே உள்ள ஊர்கள், ஐஸ்லாந்து ஆகியவையும் உண்டு. அபிஸ்கோ மலைகளின் மழை மறைவுப் பக்கம் இருப்பதால் மேகம் குறைவு என்று பெயர் பெற்றது. ஆனால் அது சின்ன ஊர், தங்கும் இடம் கொஞ்சம்தான். முதல் முறை போகிறவர்களுக்கு டிராம்சோவைத்தான் சொல்வேன். விமான நிலையம், கடைகள், இரவில் கூட்டிப் போகிற பேருந்துகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்தியாவிலேயே பார்க்க முடியாதா என்று எங்களிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். லடாக்கில் ஹான்லே இருக்கிறது. 2024 மே 10 இரவும், அதே ஆண்டு அக்டோபர் 10 இரவும் அங்கே வடக்கு அடிவானத்துக்கு மேல் சிவப்பு ஒளி கேமராவில் பதிந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஜி-4, ஜி-5 அளவுப் புயல் வேண்டும் (புயலின் வலிமையை ஜி-1 முதல் ஜி-5 வரை பிரிக்கிறார்கள்). 2003க்கு அப்புறம் முதல் ஜி-5 வந்ததே அந்த 2024 மே மாதத்தில்தான். ஹான்லே 4,000 மீட்டருக்கு மேலே உள்ள இடம். மூச்சு பழக லேவில் இரண்டு மூன்று நாளாவது தங்கித்தான் மேலே ஏற வேண்டும், அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். நட்சத்திரம் பார்க்க ஹான்லேவுக்குக் கட்டாயம் போங்கள். துருவ ஒளிக்காகத் தேதி குறித்துப் போகாதீர்கள்.

2. மாதம்: கோடை விடுமுறையை மறந்துவிடுங்கள்

பிள்ளைகள் உள்ள வீட்டில் பயணம் என்றாலே ஏப்ரல், மே தான். துருவ ஒளிக்கு அது கூடவே கூடாது. டிராம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு இரவு முழுக்க வெளிச்சம்தான். 2024 மே 10 அன்று உலகமே பார்த்த அந்தப் புயல் இரவில் டிராம்சோவில் வானம் இருட்டவில்லை. புயல் இருந்து என்ன, இருட்டு இல்லையே.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரைதான் காலம். நம் பள்ளிக் கணக்கில் சொன்னால் காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல். நான் பரிந்துரைப்பது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டிப் புவிக்காந்தப் புயல்கள் சற்றுக் கூடுதலாக வரும். மார்ச் மாதத்துக்கும் இது பொருந்தும். செப்டம்பரில் குளிரும் உறைநிலைக்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கும், கம்பளி மூட்டை குறையும். பனி பார்க்க ஆசை என்றால் பிப்ரவரி, மார்ச். டிசம்பர் கடைசியில் விலை எல்லாம் ஏறிக் கிடக்கும்.

அப்புறம் நிலா. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசையைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குள் தேதி குறியுங்கள். பௌர்ணமியிலும் பளிச்சென்ற ஒளி தெரியும், மங்கலானது நிலவில் கரைந்துவிடும். நாங்கள் மாசி அமாவாசையை ஒட்டிப் போனோம்.

எத்தனை இரவு? குறைந்தது நான்கு, முடிந்தால் ஐந்து. அங்கே கடலோரம், மேகம் அடிக்கடி மூடும். இரண்டு இரவு மட்டும் ஒதுக்கிப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு குடும்பத்தை விமான நிலையத்திலேயே சந்தித்தோம்.

3. பாஸ்போர்ட்: முதல் வேலை பெயரைப் பார்ப்பது

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது, சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மூன்றைச் சரிபாருங்கள்: கொடுத்து பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

நம்மைப் போல இனிஷியல் வைத்துக்கொள்கிற தமிழர்களுக்கு அசல் சிக்கல் பெயரில்தான். என் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். சம்பளச் சீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. ஒரே ஆள் நான்கு காகிதத்தில் நான்கு ஆளாகத் தெரிந்தால் விசா அதிகாரி என்ன செய்வார்? விண்ணப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போதே வங்கியில் பாஸ்போர்ட் நகல் கொடுத்து, பெயரை அதில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். எங்களுக்குப் பத்து நாள் ஆனது. விமான டிக்கெட், காப்பீடு, ஹோட்டல், விசாப் படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருப்பதை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்த விமான நிறுவனத்திடம் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள்.

4. வங்கிக் கணக்கு: நான் சறுக்கிய இடம்

முதல் முறை வேறொரு ஷெங்கன் நாட்டுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அது) விண்ணப்பித்தோம், மறுத்துவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான்.

நடந்தது இது. கணக்கில் பணம் கொஞ்சமாக இருக்கிறதே, போதாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். மனைவி ஒரு சீட்டு போட்டிருந்தாள். அதைத் தள்ளி எடுத்து, மூன்று லட்சத்தை விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் கணக்கில் ரொக்கமாகக் கட்டினோம். அறிக்கையில் அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. மாதாமாதம் சம்பளம் வருகிறது, வீட்டு வாடகை போகிறது, மளிகை போகிறது, கையிருப்பு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஓடுகிறது. திடீரென்று ஒரு வரியில் மூன்று லட்சம் ரொக்கம். கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். செலவுக்கான பணம் உண்மையில் எங்களுடையதா என்பதில் திருப்தி இல்லை என்று காரணம் எழுதி வந்தது. கட்டிய கட்டணம் திரும்பி வராது.

இரண்டாம் முறை செய்தது: ஏழு மாதம் முன்பிருந்தே மாதம் ஒரு தொகையை அந்தக் கணக்கிலேயே சேர்த்தோம். சீட்டுப் பணத்தை வைப்புநிதியாகப் போட்டு அதன் ரசீதைத் தனியாக இணைத்தோம். சீட்டுப் புத்தகத்தின் நகல், அது எப்படி வந்த பணம் என்று நான்கு வரிக் கடிதம். கடைசி மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. இம்முறை ஒரு கேள்வியும் வரவில்லை. பெரிய தொகை எது வந்திருந்தாலும், நகை அடகு, நில விற்பனை, பி.எஃப். என்று எதுவானாலும், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதம் சேர்த்துவிடுங்கள்.

5. விசா: காகிதங்களும் காலமும்

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து எல்லாமே ஷெங்கன் நாடுகள். எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் பதினைந்து நாள் முன். முடிவு சொல்லப் பொதுவாகப் பதினைந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள், கூடுதல் விவரம் தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். நீங்கள் மூன்று மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்துக்கு முன் சென்னையில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நார்வேக்கு முதலில் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் படிவம் நிரப்பி, கட்டணத்தையும் கார்டில் கட்டிவிட்டு, அப்புறம் காகிதங்களோடு சென்னை மையத்துக்குப் போக வேண்டும். கைரேகை வைக்கப் பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். ஷெங்கன் விசாவுக்காக ஐந்து ஆண்டுக்குள் கைரேகை கொடுத்திருந்தால் பெரும்பாலும் மறுபடி தேவைப்படாது.

எங்கள் கோப்பில் இருந்தவை: படிவம், பாஸ்போர்ட்டும் பழைய பாஸ்போர்ட்டும், புகைப்படம், பயணத் திட்டத்தோடு ஒரு கடிதம், விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்கும் இட உறுதி, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஆறு மாத வங்கி அறிக்கை வங்கி முத்திரையோடு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், திருமணச் சான்று.

இவற்றில் நான்கு இடத்தில் கவனமாக இருங்கள்.

விடுப்புக் கடிதம். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். முதல் முறை அலுவலகத்தில் "இவருக்கு விடுப்பு அளிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் கொடுத்தார்கள். போதாது. சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை விடுப்பு, எந்த நாள் வேலைக்குத் திரும்புகிறார் என்பதெல்லாம் வர வேண்டும். நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதுதான் அவர்கள் மனதில் உள்ள கேள்வி. சொந்தக் கடை வைத்திருந்தால் ஜி.எஸ்.டி. பதிவும் கடை உரிமமும் அந்த வேலையைச் செய்யும்.

தமிழில் உள்ள காகிதங்கள். எங்கள் திருமணச் சான்று தமிழில் இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்த்தான் ஒரு முறை சென்னையிலிருந்து திரும்பி வந்தோம். பட்டா, பத்திரம், சான்று எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரி கையெழுத்தோடு இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள்.

புகைப்படம். 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. நம் ஸ்டூடியோக்காரர்கள் பாசத்தில் முகத்தை வெளுப்பாக்கி, தழும்பை அழித்துக் கொடுப்பார்கள். "எதுவும் திருத்த வேண்டாம் அண்ணா" என்று முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் இரண்டாவது வீண் அலைச்சல் இதனால்தான்.

டிக்கெட். விசா வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். சில ஏஜென்ட்கள் ஐந்நூறு ரூபாய்க்குப் போலி முன்பதிவு அச்சடித்துத் தருவார்கள்; சரிபார்த்தால் மாட்டிக்கொள்வது நாம்தான். ரத்து செய்யக்கூடிய முன்பதிவு, ரத்து இலவசமான ஹோட்டல், இரண்டும் போதும். அதே போல "வடதுருவ ஒளி நிச்சயம்" என்று அச்சடித்த பேக்கேஜைக் கண்டால் விலகிப் போங்கள். மேகத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

6. எவ்வளவு ஆகும்

நாங்கள் இரண்டு பேர், ஐந்து இரவு. ஒருவருக்கு எங்களுக்கு ஆன கணக்கு இது. சென்னையிலிருந்து இரண்டு இடம் மாறி டிராம்சோ போய்வர 84,000 ரூபாய். விசாவும் சேவைக் கட்டணமும் 12,000. காப்பீடு 1,500. தங்குவதற்கு இரவுக்கு 12,000, இருவருக்கும் பாதிப் பாதி போட்டால் 30,000. இரவுப் பேருந்துப் பயணம் இரண்டு முறை 26,000. சாப்பாடும் உள்ளூர்ப் பேருந்தும் 18,000. குளிர் உடை 9,000. விசாவுக்காகச் சென்னைக்கு அலைந்தது, நோட்டரி, இதர செலவு 3,000. கூட்டினால் 1,83,500 ரூபாய். முதல் முறை மறுக்கப்பட்ட விசாவின் பணம் இதில் இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் சாப்பாடும் அறையும்தான். சமையலறை உள்ள அறை எடுத்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருக்காது. இரவுப் பேருந்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். நார்வேயில் யூரோ செல்லாது, குரோனர்தான். ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் போகும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இங்கேயே திறந்துவிடுங்கள்.

7. மூட்டை

பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத கோட். காலுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ், கம்பளி உறை. கடைசி அடுக்குக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். இரவுப் பயணக்காரர்கள் பலர் முழு உடம்புக் குளிர் அங்கியும் பூட்ஸும் கொடுக்கிறார்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். டிராம்சோ நகரத்தில் குளிர் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை, கடல் அதைத் தணிக்கிறது. மேகத்துக்குத் தப்பி உள்நாட்டுப் பக்கம் போகும்போதுதான் மைனஸ் 20 வரை இறங்கும்.

சாப்பாட்டில் ஒரு கண்ணி. பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருள்களை வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. ஆற்காடு மக்கன் பேடா கோவாவில் செய்வது, அதனால் அது கூடாது, நெய்யும் கூடாது. ஊர்ப் பெருமையைக் காட்ட ஒரு டப்பா எடுத்து வைத்திருந்தேன், விதியைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன். பச்சைக் கறிவேப்பிலை, பழம் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அரிசி எங்களைக் காப்பாற்றின.

சென்னை விமான நிலையத்துக்கு ரயிலில் போனால் சென்ட்ரலில் இறங்கித் திரும்பி வர வேண்டும். வேலூரிலிருந்து பேருந்தில் பூந்தமல்லியில் இறங்கி டாக்சி பிடிப்பது சுலபம். ஐந்து மணி நேரமாவது முன்னால் கிளம்புங்கள்.

8. கிளம்பும் முன் ஒரு மாதம் பழகுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். கணிப்பைப் படிக்க அங்கே போய்க் குளிரில் நின்று கற்றுக்கொள்ள முடியாது. வேலூரில் உட்கார்ந்தே தினமும் பத்து நிமிடம் பாருங்கள்.

அமெரிக்காவின் விண்வெளி வானிலைக் கணிப்பு மையம் மூன்று நாள் முன்கணிப்பையும் நேரடி அளவுகளையும் இலவசமாக வெளியிடுகிறது. அதில் மூன்று விஷயம் போதும்.

முதலாவது கே.பி. எண், புவிக்காந்தக் கொந்தளிப்பின் அளவு, 0 முதல் 9 வரை. 5 வந்தால் ஜி-1 புயல், 9 என்றால் ஜி-5. ஆனால் இது உலகம் முழுமைக்குமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகத் தரும் எண். டிராம்சோவுக்கு 1 அல்லது 2 இருந்தாலே போதும். கே.பி. 2 என்று பார்த்துவிட்டு அறையில் படுத்துவிடாதீர்கள். நாங்கள் முதல் இரவு அப்படித்தான் படுத்தோம். காலையில் பக்கத்து அறைக்காரர் ஏரிக்கரையில் எடுத்த படத்தைக் காட்டினார், வானம் முழுக்கப் பச்சை.

இரண்டாவது பி-இசட். சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டம்) காந்தப் புலம் வடக்கு நோக்கியிருக்கிறதா, தெற்கு நோக்கியிருக்கிறதா என்று காட்டும் எண். தெற்கு, அதாவது மைனஸ் என்றால் பூமியின் காந்தக் கதவு திறக்கிறது. மைனஸ் 5, மைனஸ் 10 என்று அரை மணி நேரம் நின்றால் செருப்பை மாட்டுங்கள். இதை அளப்பவை பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்-1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பரில் கிளம்பிய நம் ஆதித்யா எல்-1 இருப்பதும் அங்கேதான். துகள்கள் அவற்றைக் கடந்து பூமிக்கு வரப் பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நம்பகமான எச்சரிக்கை அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்.

மூன்றாவது நேரம். அந்த மையத்தின் கணிப்புகளில் எல்லாம் உலகப் பொது நேரம். நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி கூடுதல், நார்வே குளிர்காலத்தில் ஒரு மணி கூடுதல். குழம்பினால் புயல் முடிந்த பிறகு போய் நிற்பீர்கள்.

இன்னொன்றும் உதவும். சூரியன் நம் பார்வைக்குச் சுமார் 27 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சூரியனின் ஒளிவட்டத் துளை (சூரியக் காற்று வேகமாக வெளியேறும் இடம்) ஒன்றால் இன்று புயல் அடித்தால், 27 நாள் கழித்து அதே துளை திரும்பி நம்மைப் பார்க்கும்போது மறுபடி வரலாம். காலண்டரில் குறித்துவையுங்கள். கொல்கத்தாவில் உள்ள விண்வெளி அறிவியல் சிறப்பு மையம் வெளியிடும் கணிப்புகளையும் பாருங்கள்.

படம் எடுக்கவும் இங்கேயே பழகுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் நல்ல இருட்டு உண்டு. காவலூரில் வைணு பாப்பு வான்நோக்ககம் அமைந்ததே அதனால்தானே. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் மொட்டை மாடி. போனை முக்காலியில் வைத்து இரவுப் பயன்முறையில் ஐந்து முதல் பத்து விநாடி நட்சத்திரங்களை எடுங்கள். கேமரா என்றால் துளை 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, ஐந்து முதல் பத்து விநாடி, குவியத்தைக் கையால் ஒரு நட்சத்திரத்தில் வைத்துப் பூட்டுங்கள். இதையெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். மைனஸ் 15-இல் கையுறையைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் வேலை செய்யாது.

9. அங்கே இரவுகள்

அங்கே போனதும் கே.பி. எண்ணை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். முதலிடம் மேகத்துக்கு. ஒய்.ஆர். என்ற நார்வே வானிலைச் செயலியில் மணிக்கு மணி மேகம் காட்டும். எங்கள் இரண்டாம் இரவு கே.பி. 6 என்று வந்தது. இத்தனை மாதம் காத்திருந்த புயல் வந்துவிட்டது என்று குதித்தோம். நகரத்தின் தெற்கு முனையில் டெலிகிராஃப்புக்தா கடற்கரையில் நான்கு மணி நேரம் நின்றோம். தலைக்கு மேலே மூடிய மேகம் கொஞ்சம் பச்சையாக வெளுத்து வெளுத்து அடங்கியது, அவ்வளவுதான். மேகத்துக்கு மேலே என்ன நடந்ததோ.

இரவுப் பேருந்துக்குப் பணம் கொடுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். அந்த ஓட்டுநர்களுக்கு எந்தப் பள்ளத்தாக்கில் வானம் திறந்திருக்கும் என்று தெரியும். தேவைப்பட்டால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே, ஃபின்லாந்து எல்லை வரை போவார்கள். அதனால் பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். எல்லா இரவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். முதல் இரவுக்கு ஒன்று, மற்றதை மேகம் பார்த்து அன்றன்று. வானம் தெளிவாக உள்ள இரவில் பேருந்தே வேண்டாம். பிரெஸ்ட்வான்னெட் ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம். இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரை வெளியே இருங்கள்.

மூன்றாம் இரவு பேருந்தில் போனோம். கே.பி. 3 தான். இரண்டு மணி நேரம் ஓட்டி, பனி மூடிய ஒரு வயல் ஓரம் நிறுத்தினார்கள். வடக்கே மலைக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு. மேகம் என்றே நினைத்தேன். "ஏங்க, போன்ல பாருங்க, பச்சையா இருக்கு" என்றாள் மனைவி. இதை நினைவில் வையுங்கள்: மங்கலான ஒளி கண்ணுக்குச் சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும், கேமராதான் பச்சையைச் சொல்லும். சந்தேகமாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தால் படம் எடுத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்து அந்தக் கோடு தடித்து, தலைக்கு மேலே வந்து, கொடியில் காயும் புடவை காற்றில் அடிபடுவது போல மடிந்து மடிந்து ஓடியது. அடி விளிம்பில் இளஞ்சிவப்பு. அப்போது கண்ணுக்கே பச்சை தெரிந்தது. கிட்டத்தட்ட ஆறு நிமிடம். பக்கத்தில் நின்றவள் பேசவே இல்லை, என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதில் முதல் நான்கு நிமிடத்தை முக்காலியோடு போராடிக் கழித்தேன். நீங்கள் கேமராவைத் தொடர்ந்து தானே எடுக்கும்படி வைத்துவிட்டு மேலே பாருங்கள்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். உபரி பேட்டரியையும் பவர் பேங்கையும் உள் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். திரும்பிப் பேருந்தில் ஏறும் முன் கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். திறந்தபடி சூடான இடத்துக்குள் கொண்டுபோனால் லென்ஸ் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். படம் பார்க்க ஆசையாக இருந்தால் மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு வந்து சேர விடிகாலை மூன்றாகிவிடும். அதனால் ஊர் திரும்பும் விமானத்தை மதியத்துக்கு அப்புறம் எடுங்கள். எங்கள் விமானம் காலை ஆறேகாலுக்கு. கடைசி இரவு வானம் துடைத்து வைத்தது போல இருந்தும் பதினோரு மணிக்கே அறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.